மெக்கானிக் யார் செலவில் கற்பது?

“ஓசியில் சொல்லிக்கொடுத்தால் எவன் ஒழுங்காகக் கற்றுக்கொள்வான்?” பழுதுநீக்கும் தொழிலுக்கு அரசு இலவசப் பயிற்சி தருகிறது என்ற பேச்சை எடுத்ததுமே வந்து விழும் கேள்வி இது. பட்டறை முதலாளி கேட்கிறார். ஓய்வுபெற்ற பொறியாளர் கேட்கிறார். பத்தாம் வகுப்பு முடித்த மகனை ஐ.டி.ஐ.யில் சேர்க்கலாமா என்று யோசிக்கும் தகப்பனாரிடம் பக்கத்து வீட்டுக்காரரும் இதையே கேட்டு அவர் மனதைக் கலைத்துவிடுகிறார். பின்னாலேயே இன்னும் மூன்று வாதங்கள் வரிசைகட்டி வரும். மெக்கானிக் பட்டறையில்தான் உருவாகிறான், வகுப்பறையில் உருவாக மாட்டான். இந்தப் பயிற்சியெல்லாம் கணக்குக் காட்டத்தான். ஊருக்கு நூறு பேரைத் தயார் செய்துவிட்டால் இருக்கிறவன் பிழைப்பு என்ன ஆவது?

இந்த நான்கையும் நான் மறுக்கிறேன். ஒவ்வொன்றிலும் ஒரு துளி உண்மை இருக்கிறது; அதனால்தான் இவ்வளவு எளிதாக எடுபடுகின்றன. ஆனால் நான்குமே ஒரு கேள்வியைப் பார்வையிலிருந்து மறைத்துவிடுகின்றன: அந்தத் தொழிலை மெக்கானிக் யார் செலவில் கற்கிறார்? செலவில்லாமல் எந்தத் தொழிலும் கைக்கு வருவதில்லை. அரசு அந்தச் செலவை ஏற்காவிட்டால் அது காணாமல் போய்விடாது. கற்கும் பையன் தலையில் விழும், அவன் கைபழகும் இயந்திரத்தின் சொந்தக்காரர் தலையில் விழும், சில நேரம் அவன் உயிரின் மேலேயே விழும். இலவசப் பயிற்சி வேண்டாம் என்பவர்கள் யாருடைய செலவையும் மிச்சப்படுத்தவில்லை. கொடுக்கச் சக்தியற்றவர் பக்கம் அதைத் தள்ளிவிடுகிறார்கள்.

பட்டறையின் கட்டணம்

பட்டறைக் கல்வியைப் புகழ்கிறவர்கள் அதன் விலையைச் சொல்வதில்லை. பதினைந்து, பதினாறு வயதில் ஒரு பையன் இருசக்கர வாகனப் பட்டறைக்கு வருகிறான். முதல் வருடம் கடையைக் கூட்டுவது, டீ வாங்கி வருவது, பெட்ரோலில் செயினையும் பாகங்களையும் கழுவுவது, கேட்ட ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பது ஆகியவைதான் அவன் வேலை. பன்னெண்டு-பதிமூணு கேட்கும்போது பத்து-பதினொண்ணைக் கொடுத்தால் தலையில் குட்டு விழும். அடுத்த வருடம் வீல் கழற்றவும் ஆயில் மாற்றவும் விடுவார்கள். இன்ஜினைப் பிரித்த இடத்தில் பக்கத்தில் நின்று பார்க்கவே இரண்டு மூன்று வருடம் ஆகும். தானே பிரித்து மாட்ட இன்னும் காலம் பிடிக்கும். அதுவரை சனிக்கிழமை இரவு கையில் வைக்கப்படும் தொகைக்குக் கூலி என்று பெயர் கிடையாது, கைச்செலவு என்று பெயர். அந்த வருடங்களில் அவன் சம்பாதித்திருக்கக்கூடிய பணம்தான் அவன் கட்டும் கட்டணம். ரசீது மட்டும் கிடையாது.

இந்தக் கட்டணத்தில் வாடிக்கையாளருக்கும் பங்கு உண்டு. எவ்வளவு இறுக்க வேண்டும் என்று தெரியாமல் இறுக்கி மரை போன போல்ட்டும், திருப்பி வைத்த ஆயில் சீலும், விட்டுப்போன வாஷரும் யாரோ ஒருவருடைய வண்டியில்தான் நடக்கின்றன. பயிற்சி நிலையத்தில் பழைய இன்ஜினை வைத்துக்கொண்டு பத்துமுறை தப்பாகப் பிரித்துப் பதினொன்றாம் முறை சரியாக மாட்டலாம். பட்டறையில் தப்பு செய்யத் தனி இன்ஜின் கிடையாது.

யாருக்கு அந்தப் பட்டறைக்குள் இடம் கிடைக்கிறது என்பது அடுத்த கேள்வி. மாமன் பட்டறை, சித்தப்பா பட்டறை, அப்பாவுக்குத் தெரிந்தவர் பட்டறை. உறவும் தெருவும் சாதியும்தான் பெரும்பாலும் அங்கே நுழைவுச்சீட்டு. பெண்பிள்ளைகளுக்கு அந்தக் கதவு ஏறக்குறைய மூடியே கிடக்கிறது. அரசு ஐ.டி.ஐ.க்கு விண்ணப்பம் இருக்கிறது, மதிப்பெண் இருக்கிறது, இடஒதுக்கீடு இருக்கிறது. தமிழ்நாட்டில் பெண்கள் சேர வயது உச்சவரம்பே கிடையாது. எந்தப் பட்டறைக்காரரையும் தெரியாத வீட்டுப் பிள்ளை யாரிடமும் கைகட்டி நிற்காமல் ஸ்பேனர் பிடிக்க இருக்கும் ஒரே வழி அதுதான். அதை அடைத்துவிட்டுத் திறமை இருந்தால் எங்கேயும் கற்றுக்கொள்ளலாம் என்று அறிவுரை சொல்வது நியாயமில்லை.

இந்த இடத்தில் ஜி.டி. நாயுடுவை எடுத்து வைப்பார்கள். பள்ளிப்படிப்பை முடிக்காதவர், மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பார்த்தே கற்றவர், அவருக்கு எந்த அரசு பயிற்சி கொடுத்தது என்று கேட்பார்கள். அவர் மேதை. மேதையை வைத்து ஊருக்குச் சட்டம் போட முடியாது. அதோடு, தானாகவே கற்றுக்கொண்ட அந்த மனிதர்தான் 1945இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்வி நிலையங்கள் எழ முன்னின்றார். முறையான பயிற்சி வீண் என்று நினைத்தவர் அதைச் செய்திருக்க மாட்டார்.

மாஸ்டருக்கே சொல்லித்தரப்படாதது

பட்டறை மாஸ்டர்களின் கைத்திறனை நான் குறைத்துப் பேசவில்லை. இன்ஜின் சத்தத்தைக் கேட்டே வால்வில் பிரச்சினையா செயினில் பிரச்சினையா என்று சொல்லும் காது எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்காது. ஆனால் இயந்திரம் மாறிவிட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.-6 மாசு விதி நடைமுறைக்கு வந்தபோது பெரும்பாலான புதிய பைக்குகளிலிருந்து கார்பரேட்டர் விடைபெற்றுக்கொண்டது. அதுவரை மாஸ்டர் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அரைச்சுற்று திருப்பி, சத்தத்தைக் கேட்டு ஐடிலிங் வைத்துக் கொடுத்தார். இப்போது எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதை ஒரு மின்னணுப் பெட்டி முடிவு செய்கிறது. புகைக்குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார், த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் சென்சார், வெப்ப சென்சார் என்று பல இடங்களிலிருந்து அதற்குத் தகவல் வருகிறது. மீட்டரில் மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிந்தால் ஸ்கேனரைச் சொருகிப் பிழை எண்ணைப் படிக்க வேண்டும். படித்தபின் சென்சார் கெட்டதா, வயர் அறுந்ததா, கனெக்டரில் தண்ணீர் புகுந்ததா என்று மல்டிமீட்டர் வைத்துப் பிரித்தறிய வேண்டும். இது தெரியாத இடத்தில் நடப்பது ஒன்றுதான்: இதுவாக இருக்கலாம், அதுவாக இருக்கலாம் என்று ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்பது. பில் வாடிக்கையாளருக்கு.

மாஸ்டருக்கே யாரும் சொல்லித்தராத ஒன்றை மாஸ்டரிடம் பையன் எப்படிக் கற்றுக்கொள்வான்? தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய அறிவு நின்றுபோகும் இடம் இது. இங்கே வெளியிலிருந்து பயிற்சி வந்தே ஆக வேண்டும்.

ஏசி தொழிலில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். ஒரு ஸ்பிளிட் ஏசியைப் பொருத்தும்போது உள்ளே இருக்கும் யூனிட்டையும் வெளியே இருக்கும் யூனிட்டையும் காப்பர் பைப்பால் இணைக்கிறார்கள். அந்தப் பைப்புக்குள் காற்றும் ஈரமும் இருக்கும். முறைப்படி என்றால் நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்து, வேக்கம் பம்ப் போட்டு அரைமணி நேரம் உறிஞ்சவிட்டு, கேஜில் முள் இறங்கி நிற்பதை உறுதி செய்துகொண்டுதான் கேஸ் வால்வைத் திறக்க வேண்டும். பல இடங்களில் என்ன நடக்கிறது? ஒரு பக்க வால்வைக் கொஞ்சம் திறந்து, மறுபக்க நட்டைத் தளர்த்தி, உள்ளே இருக்கும் கேஸையே சில விநாடி பீறிட விட்டுக் காற்றைத் தள்ளிவிடுகிறார்கள். நட்டை இறுக்கினால் வேலை முடிந்தது. அறை குளிர்கிறது, வீட்டுக்காரருக்கும் திருப்தி. பைப்பின் உள்சுவரில் ஒட்டிய ஈரம் மட்டும் போகாது. இன்றைய கேஸ்களோடு பயன்படும் கம்ப்ரசர் எண்ணெய் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மெல்ல மெல்ல அமிலமாகி மோட்டார் சுருளை அரிக்கும். கம்ப்ரசர் எரிந்துபோகும் நாளில் பழி கம்பெனியின் மேல் விழும். பொருத்திய அன்று மிச்சம் பிடித்த அரைமணி நேரத்தை யாரும் நினைத்துப் பார்க்க மாட்டார்கள்.

இதைவிட அஞ்ச வேண்டியது ஒன்று உண்டு. லீக் பார்க்க நைட்ரஜன் சிலிண்டர் கையில் இல்லாதபோது, பற்றவைக்கக் கொண்டுவந்த ஆக்ஸிஜனையே பைப்பில் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அழுத்தத்தில் இருக்கும் ஆக்ஸிஜன் கம்ப்ரசர் எண்ணெயைத் தொட்டால் வெடிக்கும். இப்போது பரவலாகிவிட்ட ஆர்-32 கேஸும் தீப்பிடிக்கக்கூடியது. ஆர்-290 என்பது புரொப்பேன், அதாவது சமையல் எரிவாயுவின் நெருங்கிய உறவு. பழைய ஆர்-22 காலத்துப் பழக்கத்தில், உள்ளே மிச்சமிருக்கும் கேஸை வெளியேற்றாமல் டார்ச்சை நீட்டினால் என்ன ஆகும் என்பதை முதல்முறை அனுபவத்தில் கற்றுக்கொள்ள முடியாது. இரண்டாம் முறைக்கு ஆள் இருக்க மாட்டான். அனுபவமே ஆசான் என்ற பேச்சு இந்தத் தொழிலில் ஆளைக் கொல்லும்.

காசுக்கும் மதிப்புக்கும் என்ன உறவு?

இனி அந்த முதல் கேள்விக்கு வருவோம். இலவசமாகக் கிடைப்பதை மதிக்க மாட்டார்கள் என்பது ஆய்ந்து கண்ட உண்மையா, பழகிப்போன நம்பிக்கையா?

1835இல் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரியில் இன்றும் கட்டணம் பெயரளவுக்குத்தான். மிச்சச் செலவு முழுக்க மக்கள் வரிப்பணம். அங்கே படித்து வந்தவரிடம் அறுவை சிகிச்சைக்குப் படுக்கும்போது, குறைந்த காசில் படித்தவர் ஆயிற்றே என்று யாராவது தயங்குகிறார்களா? அரசுக் கல்லூரி டாக்டர் என்றால் கூடுதல் நம்பிக்கைதான் வருகிறது. மறுபக்கம், ஒரு காலத்தில் 500க்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இந்த மாநிலத்தில் இருந்தன. பெற்றோர்கள் நகையை அடகு வைத்தும் நிலத்தை விற்றும் அவற்றுக்குக் கட்டணம் கட்டினார்கள். கட்டணமே தரத்தையும் அக்கறையையும் கொண்டுவரும் என்றால் அவற்றில் பல இன்று காற்றாடிக்கொண்டிருக்கக் கூடாது. பொதுச் செலவில் டாக்டர் படித்தால் அது தகுதிக்குக் கிடைத்த பரிசு, மெக்கானிக் படித்தால் அது ஓசி. இந்த அளவுகோலில் கையால் செய்யும் வேலையின் மேல் நமக்கிருக்கும் பழைய இளக்காரம்தான் தெரிகிறது.

இலவசம் மதிப்பைக் கெடுக்கிறதா என்பதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். கென்யாவில் ஜெஸிகா கோஹன், பாஸ்கலீன் துபாஸ் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் கர்ப்பிணிகளுக்கான கொசுவலையை வைத்துச் செய்த ஆய்வு 2010இல் வெளியானது. சில மருத்துவ நிலையங்களில் வலை இலவசம், சிலவற்றில் வெவ்வேறு விலை. இலவசமாகப் பெற்றவர்கள் காசு கொடுத்து வாங்கியவர்களுக்குக் குறையாமல் வலையைப் பயன்படுத்தினார்கள். விலையை அரை டாலருக்குச் சற்று மேலே ஏற்றியதும் வாங்குவோர் விகிதம் 60 சதவீதப் புள்ளிகள் சரிந்தது. விலை வைத்ததால் அக்கறையற்றவர்கள் வடிகட்டப்படவில்லை. பணமில்லாதவர்கள்தான் வெளியே நின்றார்கள். பயிற்சிக்குக் கட்டணம் வைத்தாலும் வெளியே நிற்கப்போவது அதே ஆட்கள்தான்.

உதவித்தொகைக்காகத்தான் வருகிறார்கள் என்ற குற்றச்சாட்டையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ. மாணவருக்கு மாதம் 750 ரூபாய். அரசுப் பள்ளியில் படித்து வந்தவர் என்றால் புதுமைப் பெண் அல்லது தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் இன்னொரு 1,000 ரூபாய். இரண்டும் சேர்ந்து கொத்தனாரின் இரண்டு நாள் கூலிக்குப் பக்கத்தில் வரும். இந்தத் தொகையில் ஆசைப்பட்டு ஒரு பையன் இரண்டு வருடத்தைக் கொடுக்கிறான் என்று நம்ப முடியுமா? பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் வீட்டில் கைநீட்டாமல் வகுப்புக்கு வந்து சேர அது உதவுகிறது, அவ்வளவுதான். பயிற்சிக் காலத்தில் பணம் தருவது உலகத்தில் இல்லாத அதிசயமும் இல்லை. ஜெர்மனியில் தொழில் பழகுநர் கட்டணம் கட்டுவதில்லை. நிறுவனம் அவருக்கு மாதாமாதம் ஊதியம் தருகிறது, வாரத்தில் ஒன்றிரண்டு நாள் அரசின் தொழிற்பள்ளிக்கு அனுப்புகிறது. அந்த நாட்டு இயந்திரத்தின் தரத்தை வியக்கும் நாம், அதைச் செய்யும் கைகளுக்கு யார் செலவழித்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

பட்டறையா, பயிற்சி நிலையமா?

இந்தக் கேள்வியை நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று உகாண்டாவில் நடந்தது. 2020இல் எகனாமெட்ரிகா இதழில் வெளிவந்தது. வேலையற்ற இளைஞர்களில் ஒரு பகுதியினர் ஆறு மாதம் தொழிற்பயிற்சி நிலையங்களில் படித்தார்கள். செலவைப் பிராக் என்ற தொண்டு நிறுவனம் ஏற்றது. இன்னொரு பகுதியினர் சிறு கடைகளிலும் பட்டறைகளிலும் சேர்ந்து பழகினார்கள். அதற்கும் முதலாளிக்கு உதவித்தொகை கொடுக்கப்பட்டது. வாகன மெக்கானிக், வெல்டிங், வயரிங், பிளம்பிங் எல்லாம் அந்தத் தொழில்களில் உண்டு. பல ஆண்டுகள் அவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள்.

இரண்டு வழியிலும் திறமை வந்தது, வருமானமும் கூடியது. பட்டறையில் பழகியவர்களுக்கு வேலை சீக்கிரம் அமைந்தது. அந்த அளவுக்குப் பட்டறைக் கட்சிக்காரர்கள் சொல்வது சரி. ஆனால் காலம் போகப்போகப் பயிற்சி நிலையத்தில் படித்தவர்கள் முந்தினார்கள். காரணம் எளியது. பட்டறையில் பழகியவரின் திறமை அந்த முதலாளிக்கு மட்டும் தெரியும். அந்த வேலை போனால் அடுத்த இடத்தில் முதலிலிருந்து நிரூபிக்க வேண்டும். சான்றிதழோடு வந்தவர் வேலை போனாலும் அடுத்ததைப் பிடித்தார், மேலே ஏறினார். நம்மூர் அனுபவத்திலும் இது பொருந்தும். பத்து வருடம் ஒரே பட்டறையில் இருந்தவர், மாஸ்டரோடு ஒரு வார்த்தை கூடக்குறைய ஆகி வெளியே வந்தால், அந்தப் பத்து வருடத்துக்குச் சாட்சி சொல்ல மாஸ்டரைத் தவிர யாரும் இல்லை. பட்டறை முதலாளிகளில் சிலர் பயிற்சியை விரும்பாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். கற்றவன் போய்விடுவான் என்று அவர்கள் கவலைப்படுகிறார்கள். போகும் உரிமை அவனுக்கு வேண்டும். அந்த உரிமை இருந்தால்தான் இருப்பவனுக்கு நியாயமான கூலி கிடைக்கும்.

கள்ளக்கணக்கு என்ற வாதம்

எதிர்த்தரப்பிடம் இருக்கும் வலுவான ஆயுதம் இது. அதை மழுப்ப எனக்கு விருப்பமில்லை. 2015இல் தொடங்கிய பிரதமர் கௌசல் விகாஸ் யோஜனா திட்டத்தைத் தணிக்கை செய்த சி.ஏ.ஜி. அறிக்கை 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. ஆராயப்பட்ட பயனாளிப் பதிவுகளில் 94 சதவீதத்துக்கும் அதிகமானவற்றில் வங்கிக் கணக்கு விவரம் வெறுமையாகவோ பூஜ்யங்களாகவோ கிடந்ததாக அது சொன்னது. இது வெட்கக்கேடு. தண்டிக்கப்பட வேண்டியவர்கள் தண்டிக்கப்பட வேண்டும்.

ஆனால் அந்த அறிக்கை எதைக் குற்றம் சொல்கிறது? பயிற்சி இலவசமாக இருந்ததையா? தலைக்கு இவ்வளவு என்று தனியார் மையங்களுக்குப் பணம், தலையை எண்ணுவதும் ஏறக்குறைய அவர்களே, சில வாரங்களில் சான்றிதழ், அதற்குப் பிறகு அந்தப் பையன் எங்கே போனான் என்று யாரும் தேடுவதில்லை. இந்த அமைப்பில் பயிற்சிக்குக் கட்டணம் வசூலித்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். கூடவே மாணவரின் பணமும் போயிருக்கும். ரேஷன் அரிசி கடத்தப்படுகிறது என்பதற்காக ரேஷன் கடையை மூடச் சொல்வோமா?

இலவசமாகவே தந்து ஒழுங்காகவும் நடத்த முடியும் என்பதற்கு இந்த நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. 1982இல் கர்நாடகத்தின் உஜிரேயில் தர்மஸ்தலத்தின் வீரேந்திர ஹெக்டேயும் சிண்டிகேட், கனரா வங்கிகளும் சேர்ந்து ருட்செட்டி என்ற பயிற்சி நிலையத்தைத் தொடங்கினார்கள். தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் இலவசம். அந்த மாதிரியை எடுத்துக்கொண்டுதான் மத்திய அரசு மாவட்டந்தோறும் வங்கிகளின் பொறுப்பில் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களை அமைத்தது. தமிழ்நாட்டு மாவட்டங்களிலும் இவை உண்டு. இருசக்கர வாகனப் பழுதுநீக்கம், மோட்டார் ரீவைண்டிங், ஏசி பழுதுநீக்கம், செல்போன் பழுதுநீக்கம் எல்லாம் சொல்லித் தருகிறார்கள். இங்கே நான் முக்கியமாகப் பார்ப்பது வேறொன்றை: பயிற்சி முடிந்த பிறகு இரண்டு ஆண்டுகள் அந்த ஆளைப் பின்தொடர வேண்டும், கடை வைத்தாரா, கடன் கிடைத்ததா, ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும் என்பது விதியாகவே இருக்கிறது. தரத்தைக் காப்பது இப்படிப்பட்ட விதிதான். கட்டணம் அந்த வேலையைச் செய்யாது.

இருக்கிறவர் பிழைப்பு

நான்காவது வாதம் தொழிலில் ஏற்கெனவே இருப்பவர்களுடையது. அவர்களுடைய பயத்தை மதிக்கிறேன். மார்ச் முதல் ஜூன் வரை ராப்பகலாக ஓடிவிட்டு, மழைக்காலத்தில் போன் அடிக்காதா என்று காத்திருக்கும் ஏசி மெக்கானிக்குக்கு, இன்னும் நூறு பேர் வருகிறார்கள் என்றால் வயிறு கலங்கத்தான் செய்யும்.

ஆனால் அவருடைய கூலியை உடைப்பது யார் என்று அவரே சொல்லட்டும். நைட்ரஜன், வேக்கம் பம்ப், அரைமணி நேரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒருவர் ஒரு தொகை கேட்கிறார். அடுத்து ஒருவர் வந்து அதில் பாதிக்கு முடித்துத் தருகிறேன் என்கிறார். எதையெல்லாம் செய்யாமல் விடுவதால் பாதிக்கு முடிகிறது என்பது வீட்டுக்காரருக்குத் தெரியாது, பல நேரம் அந்த இரண்டாமவருக்கே தெரியாது. பயிற்சி இல்லாத போட்டிதான் நல்ல மெக்கானிக்கின் கூலியைக் கீழே இழுக்கிறது. எல்லோரும் முறைப்படி செய்யக் கற்றுக்கொண்டால் வேலையின் அடிமட்ட விலை உயரும். வேலையும் சுருங்கப்போவதில்லை. 2019இல் மத்திய அரசு வெளியிட்ட குளிர்விப்புச் செயல்திட்டம், நாட்டில் ஏறக்குறைய 8 சதவீத வீடுகளில்தான் ஏசி இருக்கிறது என்று கணக்கிட்டது. மிச்ச வீடுகளுக்கு அது இப்போதுதான் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறது.

பலன் பெறுகிறவர் செலவழிக்கட்டும்

இதுவரை பயிற்சி பெறுபவரின் பக்கமிருந்து பேசினேன். உண்மையில் அவருடைய பயிற்சியால் அவரைவிட அதிகம் பலன் பெறுவது நாம். காற்றில் விடப்படும் ஒரு கிலோ ஆர்-22, ஏறக்குறைய 1.8 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். ஓசோன் படலத்தையும் அரிக்கும். அந்தக் கேஸைப் பழைய சிலிண்டரில் பிடித்து வைப்பதா, மொட்டைமாடியில் திறந்துவிடுவதா என்று முடிவெடுப்பவர் மதுரையிலோ ஆம்பூரிலோ கையில் கேஜ் செட்டோடு நிற்கும் ஒரு மெக்கானிக். இதை உலகநாடுகள் எப்போதோ புரிந்துகொண்டன. 1987இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது; 1990இல் லண்டனில் கூடியபோது, வளரும் நாடுகளின் செலவுக்குப் பணக்கார நாடுகள் பணம் போடும் பன்னாட்டு நிதி ஒன்றை ஏற்படுத்த ஒப்புக்கொண்டன. இந்தியாவில் குளிர்சாதன மெக்கானிக்குகளுக்கு நடந்த இலவசப் பயிற்சிகளில் ஒரு பகுதி அந்த நிதியிலிருந்து வந்ததுதான். ஒரு தெருவோர மெக்கானிக் வேக்கம் பம்ப் பிடிக்கக் கற்பது தங்கள் வானத்துக்கும் நல்லது என்று தூரதேசத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த வானத்தின் கீழேயே இருக்கும் நாம் அதை ஓசி என்கிறோம்.

பயிற்சி ஒருமுறையோடு முடிகிற விஷயமும் இல்லை. 2016இன் கிகாலி திருத்தத்தை இந்தியா 2021இல் ஏற்றுக்கொண்டது. அதன்படி இன்றைய ஏசி கேஸ்களின் பயன்பாட்டை 2028இல் உறையவைத்து, 2032 முதல் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அப்படியென்றால் கேஸ் மறுபடி மாறும், எண்ணெய் மாறும், கருவி மாறும். நாற்பது வயது மெக்கானிக் திரும்பவும் கற்க வேண்டும். மாற்றத்தை முடிவு செய்தது அரசுகளும் கம்பெனிகளும். அதற்கான படிப்புச் செலவை மட்டும் அன்றாடம் உழைத்துச் சாப்பிடுகிறவர் கட்ட வேண்டும் என்பது எந்த நியாயம்?

ஆகவே இலவசப் பயிற்சி வேண்டுமா என்ற விவாதத்தை நிறுத்திவிட்டு, எப்படிப்பட்ட இலவசப் பயிற்சி வேண்டும் என்று பேசத் தொடங்குவோம். என்னிடம் சில கோரிக்கைகள் உண்டு. தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் புதுப்பிக்கும் திட்டம் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. அந்தப் பயிற்சிக்கூடங்களை மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வேலையில் இருக்கும் மெக்கானிக்குகளுக்குத் திறந்துவிடுங்கள். பகலில் வரவேண்டியிருந்தால் அந்த நாளின் கூலியை ஈடுகட்டுங்கள். பயிற்சி தருகிறவரே தேர்வும் வைத்துத் தேர்ச்சியும் போடுவதை நிறுத்துங்கள். செய்முறைத் தேர்வை வெளியாள் நடத்தட்டும். வங்கிப் பயிற்சி நிலையங்களுக்கு இருக்கும் இரண்டாண்டுப் பின்தொடர்தல் விதியை எல்லாத் திட்டங்களுக்கும் கட்டாயமாக்குங்கள். பழகுநர் சட்டம் 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களைத்தான் கட்டாயப்படுத்துகிறது. இரண்டு பேர் வேலை செய்யும் பட்டறைக்கு வரும் பையனுக்கும் உதவித்தொகையும் பாதுகாப்பும் கிடைக்க வழி செய்யுங்கள். நல்ல மாஸ்டர்களைப் பயிற்றுநர்களாக அழைத்து ஊதியம் கொடுங்கள். அவர்களுடைய காதும் கையும் வகுப்பறைக்குள் வரட்டும், வகுப்பறையின் ஸ்கேனரும் நைட்ரஜனும் பட்டறைக்குப் போகட்டும்.

இப்படிச் செய்யும்போது பட்டறைக்கும் பயிற்சி நிலையத்துக்கும் இருப்பதாகச் சொல்லப்படும் பகை தானாகவே ஒழியும். பட்டறை முதலாளிகளிடம் எனக்கு ஒரே வேண்டுகோள்: உங்களிடம் வேலை பழகும் பையனை வாரத்தில் ஒரு நாள் பயிற்சிக்கு அனுப்புங்கள். அந்த ஒரு நாளின் நஷ்டத்தை அரசு ஏற்க வேண்டும் என்று சங்கமாகச் சேர்ந்து கேளுங்கள். நீங்கள் பட்ட கஷ்டத்தையே அவனும் பட்டுத்தான் தேற வேண்டும் என்பதில்லை. பொதுமக்களாகிய நாம் அந்தக் கோரிக்கைக்குப் பின்னால் நிற்க வேண்டும். ஏனென்றால் அவன் கற்காமல் விட்டதன் செலவை எரிந்த கம்ப்ரசராகவும் நடுவழியில் நின்ற வண்டியாகவும் ஏற்கெனவே நாம்தான் கட்டிக்கொண்டிருக்கிறோம். அதே பணத்தை முன்கூட்டியே அவன் படிப்புக்குக் கொடுப்பதுதான் எல்லோருக்கும் மலிவானது, மரியாதையானதும்கூட.